கொடூரமான வழக்குகளைப் பாடம் எடுப்பது எப்படி? மாணவர்களாலும் தாங்க முடியவில்லை, எனக்கும் தூக்கம் போய்விட்டது

மூன்றாம்மணி:

வணக்கம். 9 வருடமாகச் சட்டக் கல்லூரியில் குற்றவியல் சட்டமும் சாட்சியச் சட்டமும் எடுக்கிறேன். கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், நேரில் கேட்க ஆள் இல்லை.

போன வாரம் பாலியல் வன்கொடுமைப் பிரிவில் சம்மதம் பற்றிய பாடம். எப்போதும் செய்வதுபோல ஒருவரை எழுப்பித் தீர்ப்பில் சம்பவம் சொல்லப்படும் பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி அன்று ஒரு மாணவியின் முறை. முதல் பத்தி நன்றாகவே போனது. இரண்டாவது பத்தியில் மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு வரும். அந்த வரியை வாசித்தார், அப்புறம் அதே வரியைத் திரும்ப வாசித்தார், மறுபடியும் அதே வரி. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. இடது கையால் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார், குரல் மட்டும் துளிகூட மாறவில்லை. "சரிம்மா, உட்காருங்க, அடுத்தவர் வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அப்படித் தொடர்ந்தது இன்று வரை உறுத்துகிறது. இரண்டு நாளாக அவர் வகுப்புக்கு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மையத்துக்கு வரும் குடும்ப வன்முறை மனுக்களை மாணவர்கள் வரைவார்கள், திருத்துவது நான். ஒரு தேதியைச் சரிபார்க்க ஒரே சம்பவத்தை நான்கு முறை படிக்க வேண்டியிருக்கும். கொஞ்ச நாளாக யாராவது கதவைப் பலமாகச் சாத்தினால்கூடத் திடுக்கிடுகிறேன். இரவில் மனுவில் இருந்த வாக்கியங்கள் வார்த்தை மாறாமல் தலைக்குள் ஓடுகின்றன. எனக்கு எதுவும் நடக்கவில்லை, படித்தேன், அவ்வளவுதான். அதற்கே இப்படியா என்று வெட்கமாக இருக்கிறது.

மூத்த ஆசிரியர் ஒருவரிடம் மாணவியைப் பற்றிச் சொன்னேன். "நீதிமன்றத்தில் இதைவிட மோசமானதெல்லாம் வரும், இங்கேயே பழகட்டும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. இந்தப் பகுதியை விட்டுவிடலாமா? அந்த மாணவியிடம் என்ன பேசுவது? எனக்கு நடப்பதற்கு ஏதாவது பெயர் உண்டா, அல்லது இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையா?

பழைய_விரிவுரை:

விடாதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விட்டுவிட்டால் அந்தப் பாடம் தெரியாமல் வெளியே போகும் வழக்கறிஞரிடம்தான் நாளைக்கு ஒரு பாதிக்கப்பட்டவர் போய் உட்காருவார். மாற்ற வேண்டியது பாடத்தை அல்ல, அது வகுப்புக்குள் வந்து சேரும் விதத்தை.

உங்கள் மாணவிக்கு அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. தன் பெயரைக் கூப்பிடுவீர்கள் என்றும் தெரியாது. கூப்பிட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல வழி இல்லை. எழுபது எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்த வரியைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. மனக்காயம் பட்ட ஒருவருக்கு அந்தக் காயம் ஏற்பட்ட நேரத்தில் இல்லாமல் போனவை இரண்டு: முன்கூட்டித் தெரிவது, விலகிக்கொள்ள முடிவது. தெரியாத்தனமாக நாம் வகுப்பில் அதே நிலைமையை உண்டாக்கிவிடுகிறோம். நானும் பல வருடம் செய்தேன். பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி மேல் கேள்வி கேட்கும் முறை 1870களில் ஹார்வர்டு சட்டப் பள்ளியில், அதன் தலைவராக இருந்த லாங்டெல் காலத்தில் வேரூன்றியது. அதில் பலன் இல்லாமல் இல்லை, ஒப்பந்தச் சட்டத்துக்கு இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். இந்தப் பகுதிக்கு மட்டும் நிறுத்திவிட்டேன்.

இப்போது செய்வது இதுதான். சம்பவப் பகுதியை யாரும் சத்தமாக வாசிப்பதில்லை. ஒரு வாரம் முன்பே தாளில் கொடுத்துவிடுவேன், வீட்டிலோ விடுதியிலோ அவரவர் வேகத்தில், வேண்டிய இடத்தில் நிறுத்திப் படித்துக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் நானே ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருவேன். இந்த விவரம் இல்லாமல் சட்டக் கேள்வியைப் புரிந்துகொள்ள முடியுமா என்று வரி வரியாகக் கேட்டால், ஆச்சரியப்படுவீர்கள், பாதிக்கு மேல் தேவைப்படாது. சம்மதம் பற்றிய விவாதத்துக்கு மருத்துவக் குறிப்பு முழுவதும் எதற்கு? சாட்சியச் சட்டத்தில் மருத்துவச் சான்றின் மதிப்பு என்ற தலைப்பு வரும்போது அது தேவை, அங்கே கொடுத்துவிடுகிறேன். அடுத்த வகுப்பில் யாரைக் கேட்பேன் என்பதை முந்தின நாளே அறிவிப்பேன். வெளியே போகிறவரை ஏன் என்று கேட்க மாட்டேன் என்பதைப் பருவத்தின் முதல் நாளே சொல்லிவிடுவேன், அந்த மணி நேரத்துக்கு வருகையும் வெட்ட மாட்டேன். பயிற்சிக்காக நடத்தும் போலி விசாரணையில் பாதிக்கப்பட்டவர் வேடத்தை யாருக்கும் ஒதுக்குவதில்லை, விருப்பப்பட்டு முன்வருபவர் இருந்தால் மட்டும், இல்லையென்றால் எழுதிய வாக்குமூலத்தை வைத்துக் குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதச் சொல்வேன். கேள்வி கேட்கும் திறன் அதிலேயே வந்துவிடும்.

அப்புறம் அந்த மூத்தவர் சொன்ன "பழகட்டும்". 2016-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 12,800 வழக்கறிஞர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 28 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள், 19 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகள், ஐந்தில் ஒருவருக்குக் குடிப்பழக்கம் சிக்கலாகும் அளவில். இவர்களும் பழகட்டும் என்று விடப்பட்ட வகுப்புகளில் இருந்து வந்தவர்கள்தானே. அந்த எண்ணுக்கு வகுப்பறை மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பழக்கம் அவர்களைக் காப்பாற்றியதாகவும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். இதெல்லாம் மாணவர்களிடம் இரக்கம் காட்டுவதற்கான ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். இது சட்டப் பாடமும்கூட. உச்சகட்ட பயத்தில் இருக்கும் ஒருவருக்கு நினைவு ஒரே சீராகப் பதிவாவதில்லை. கத்தியின் நிறம் துல்லியமாக நினைவிருக்கும், எந்தக் கதவு வழியாக வந்தான் என்பது கலங்கியிருக்கும், எது முதலில் நடந்தது எது பின்னால் என்பது குழம்பும். உடல் உறைந்துபோய்க் கத்தக்கூட முடியாமல் போகும். இது தெரியாத வழக்கறிஞர் "முரண்பட்ட சாட்சியம்", "ஏன் சத்தம் போடவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். எதிர்த்தரப்புக்கு வாதாடுபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், எது இயல்பான குழப்பம், எது உண்மையிலேயே சந்தேகத்துக்குரியது என்று பிரித்துப் பார்க்க. என் மாணவர்களிடம் கட்சிக்காரரைப் பேட்டி எடுக்கும்போது "ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்" என்று தொடங்காதீர்கள், "உங்களுக்கு எது நினைவில் இருக்கிறதோ அதிலிருந்து சொல்லுங்கள், வரிசையை நாம் அப்புறம் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம்" என்று தொடங்குங்கள் என்கிறேன். அந்த ஒரு மாற்றத்தில் வாக்குமூலம் எவ்வளவு தெளிவாக வருகிறது என்று நீங்களே உங்கள் மையத்தில் செய்து பாருங்கள்.

கடைசிபெஞ்சு_இப்போதுவக்கீல்:

மேடம், உங்கள் மாணவியின் இடத்தில் இருந்தவள் நான். வேறு கல்லூரி, வேறு வருடம்.

அன்று பாடம் என்ன என்று எனக்குத் தெரியும், அதனால் பாடம் பெரிய பிரச்சினையாக இல்லை. என் பெயர் வந்துவிடுமோ என்பதுதான் பிரச்சினை. ஒரு மணி நேரமும் ஆசிரியரின் விரல் பதிவேட்டில் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நடத்தியதில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. என் பெயர் வரவே இல்லை. ஆனாலும் அந்தப் பகுதியைத் தேர்வுக்குப் படிக்க என்னால் முடியவில்லை, அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

அவரிடம் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து "என்னம்மா ஆச்சு" என்று கேட்காதீர்கள். அது அன்பான கேள்விதான், ஆனால் பதில் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டிவரும், சொல்லாவிட்டால் பொய் சொல்ல வேண்டிவரும். அழைத்து உட்கார வைத்து எல்லார் கண்ணிலும் படும்படி பேச வேண்டாம். இரண்டு வரிச் செய்தி போதும்: அன்று உங்களை எழுப்பி வாசிக்க வைத்தது என் தவறு, இனி அப்படி நடக்காது, தவறிய வகுப்பின் குறிப்புகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பதில் போட வேண்டியதில்லை. அந்த "பதில் போட வேண்டியதில்லை" என்பதை விட்டுவிடாதீர்கள், எனக்கு அப்படி ஒருவர் எழுதியிருந்தால் அடுத்த நாளே வகுப்புக்குப் போயிருப்பேன்.

செவிசாய்ப்பவன்:

நான் ஆற்றுப்படுத்துநர். வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் என்னிடம் வருவதுண்டு. எல்லாரும் மாணவியைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார்கள், நான் உங்களைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் கடைசிக் கேள்வியை வாசித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

உங்களுக்கு நடப்பதற்குப் பெயர் உண்டு. பிறருடைய துயரத்தைத் தொடர்ந்து கேட்பதாலும் படிப்பதாலும் ஒருவரின் மனதுக்குள்ளேயே மாற்றம் ஏற்படுகிறது என்பதை, பிறர்வழி மனக்காயம் (vicarious traumatization) என்ற பெயரில், 1990-இல் மெக்கான், பியர்ல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். அவர்கள் எழுதியது மன மருத்துவம் செய்பவர்களைப் பற்றி. 2003-இல் வந்த ஓர் ஆய்வு வழக்கறிஞர்களையும் மனநலப் பணியாளர்களையும் ஒப்பிட்டபோது வழக்கறிஞர்களிடம்தான் இந்தப் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. அதிக எண்ணிக்கையில் வழக்குகள், அதோடு அதைப் பற்றிப் பேச இடமே இல்லாதது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய் வரையறைக் கையேட்டைத் திருத்தியபோது, வேலையின் காரணமாகக் கொடூர விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதையும் அதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்தத்தை உண்டாக்கக்கூடிய நிகழ்வாகச் சேர்த்தது. ஆகவே "எனக்கு எதுவும் நடக்கவில்லை, படித்தேன், அவ்வளவுதான்" என்று சொல்லாதீர்கள். படித்ததும் நடந்ததுதான். உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, இங்கே எழுதியதை வைத்து யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் திடுக்கிடுவதும் வாக்கியங்கள் தலைக்குள் ஓடுவதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது அதற்குள்ளேயே வேலையும் தூக்கமும் கெட்டால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தருகிறது.

அதுவரை சில வேலை ஏற்பாடுகள். ஒரே மனுவை நான்கு முறை படிக்கிறேன் என்றீர்களே, அங்கே தொடங்குங்கள். மாணவர்களை மனுவோடு ஒரு தனித் தாளில் தேதி, இடம், கேட்கும் பரிகாரம் மூன்றையும் எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். தேதி சரிபார்க்க அந்தத் தாள் போதும், சம்பவத்தை ஒரு முறை முழுக் கவனத்தோடு படியுங்கள், அதோடு சரி. இப்படிப்பட்ட கோப்புகளை இரவில் எடுக்காதீர்கள், அடுத்தடுத்து இரண்டு படிக்காதீர்கள், நடுவில் வாடகை வழக்கோ சொத்து வழக்கோ வரட்டும். படுக்கும் அறைக்குள் அந்தக் காகிதம் வரக் கூடாது.

மையத்தில் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் எல்லாரும் உட்காருங்கள். வழக்கின் விவரங்களை மறுபடி விவரிக்கக் கூடாது என்பதை விதியாக வையுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் சுமந்ததைப் பத்துப் பேர் சுமக்க நேரிடும். "இந்த வாரம் எந்தக் கோப்பு வீடு வரைக்கும் கூட வந்தது, தூக்கம் எப்படி, யாருடைய சுமையை யார் பகிர்ந்துகொள்ளலாம்" என்ற அளவில் பேசுங்கள். முதலில் பேச வேண்டியது நீங்கள். ஆசிரியர் வாய் திறக்காத வரை மாணவர் திறக்க மாட்டார், "எனக்கு இந்த வாரம் ஒரு மனு கஷ்டமாக இருந்தது, இரண்டு நாள் வேறு வேலை பார்த்தேன்" என்று நீங்கள் சொன்னால் போதும், அழ வேண்டியதில்லை, சொந்தக் கதை சொல்ல வேண்டியதில்லை.

முக்கியமான ஒன்று. யாராவது உங்களிடம் தனக்கு நடந்ததைச் சொல்ல வந்தால், அவர் தொடங்குவதற்கு முன்பே எதை உங்களால் ரகசியமாக வைத்திருக்க முடியும், எதைக் கல்லூரிக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள். எல்லாம் சொன்ன பிறகு "இதை நான் மேலே சொல்லியாக வேண்டுமே" என்றால் அது இரண்டாவது துரோகமாகத் தெரியும். இந்தக் கட்டாயம் இடத்துக்கு இடம், கல்லூரிக்குக் கல்லூரி மாறும், உங்களுடையது என்ன என்று இன்றே விசாரித்து வையுங்கள். சிகிச்சை கொடுப்பது உங்கள் வேலை இல்லை. நம்புவது, அவசரப்படுத்தாமல் இருப்பது, சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அவ்வளவுதான்.

நேர்வாதம்:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கொடூரமான பகுதி வரப்போகிறது என்று முன்னெச்சரிக்கை கொடுப்பது பற்றிப் பலரும் நல்லெண்ணத்தோடு பேசுகிறார்கள், ஆனால் ஆய்வுகள் அதற்கு ஆதரவாக இல்லை. 2023-இல் 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. எச்சரிக்கை கொடுத்ததால் மனவேதனை குறையவில்லை, படிப்பதற்கு முன் வரும் பதற்றம் கூடியது, பெரும்பாலும் மக்கள் அதைத் தவிர்க்கவும் இல்லை. தவிர்ப்பதே மனக்காயத்தை நீட்டிக்கும் என்பதும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்டதுதான். எனவே ஒவ்வொரு வகுப்பிலும் "உஷார், உஷார்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பயத்தைத்தான் கற்றுக்கொடுப்போம். அதோடு, பாதிக்கப்பட்டவர்களை உடைந்துபோகும் கண்ணாடிப் பொருளாக நடத்துவதை அவர்களே விரும்புவதில்லை.

பழைய_விரிவுரை:

நேர்வாதம், அந்தத் தொகுப்பு சரிதான், நீங்கள் சொன்னது எனக்கும் பிடித்திருக்கிறது. அதனால்தான் எச்சரிக்கை என்ற சொல்லையே நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு உடனே படிக்கவோ பார்க்கவோ கொடுக்கிறார்கள். அந்த வரி மட்டும் ஒன்றும் செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வது பாடத்திட்டத்தில் எந்தத் தேதியில் எந்த வழக்கு என்று போட்டுவைப்பது, அப்புறம் அதைப் படிக்கும் வழியைத் தேர்ந்தெடுக்க விடுவது. வகுப்பில் உட்காரலாம், தாளில் படித்து எழுதித் தரலாம், என் அறைக்கு ஒரு தோழியோடு வந்து விவாதிக்கலாம். எந்த வழியில் வந்தாலும் அதே சட்டக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், தேர்விலும் அது வரும். தவிர்க்க விடவில்லை.

அமெரிக்க அரசின் மனநலச் சேவை அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியில் நான்கு விஷயங்கள் உண்டு: மனக்காயம் எவ்வளவு பரவலானது என்று உணர்வது, அதன் அறிகுறிகளை அடையாளம் காண்பது, அதற்கேற்ப நம் நடைமுறைகளை அமைப்பது, மறுபடி காயப்படுத்தாமல் இருப்பது. இதில் எங்கேயும் பாடத்தைக் குறை என்று இல்லை. சட்டக் கல்விக்கென்று 2016-இல் இரண்டு பேராசிரியைகள் எழுதிய கட்டுரை ஒன்றும் உண்டு, மனக்காயம் அறிந்து வழக்கு நடத்துபவரின் நான்கு பண்புகளில் தன் மனதைப் பிறர் துயரத்திலிருந்து காத்துக்கொள்வதையும் ஒன்றாக வைத்தார்கள். மூன்றாம்மணி, அந்தப் பண்பை நீங்கள் மாணவருக்குப் பாடமாகவே வைக்கலாம், மதிப்பெண்ணோடு.

மூன்றாம்மணி:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன்.

கடைசிபெஞ்சு சொன்னபடி இரண்டு வரி அனுப்பினேன். பதில் வரவில்லை, வர வேண்டியதில்லை என்று நானே எழுதியிருந்தேன். நான்காம் நாள் வகுப்புக்கு வந்து எப்போதும் உட்காரும் இடத்தில் இல்லாமல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதைப் பற்றி நானும் எதுவும் கேட்கவில்லை. நேற்று முரண்பட்ட சாட்சியம் பற்றிப் பாடம், நினைவு எப்படிப் பதிவாகிறது என்று பழைய_விரிவுரை சொன்னதை வைத்து அரை மணி நேரம் பேசினேன். வகுப்பு முடிந்ததும் தாள் அடுக்கில் அவருடையதும் இருந்தது, கேட்ட இரண்டு பக்கத்துக்கு ஐந்து பக்கம் எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் வரிசையைக் கேட்டுத் திணற வைப்பது நியாயமா என்பது பற்றி. வாதம் இன்னும் கூர்மையாக வேண்டும், ஓரத்தில் அதைத்தான் எழுதினேன்.

மையத்தில் தனித் தாள் முறை தொடங்கிவிட்டது. மூன்று மனுவையும் ஒரே முறைதான் படித்தேன். வாராந்திர அரை மணி நேரத்தில் முதல் வாரம் நான் மட்டும்தான் பேசினேன், இரண்டாவது வாரம் இரண்டு பேர் பேசினார்கள். தூக்கம் இன்னும் சரியாகவில்லை, அடுத்த புதன் உளவியலாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

செவிசாய்ப்பவனிடம் ஒன்று கேட்க வேண்டும். தேர்வுத்தாள் திருத்தும்போது விடையின் நடுவே ஒரு மாணவர் தனக்கு நடந்ததை எழுதியிருந்தால், அந்தத் தாளில் பெயருக்குப் பதில் எண் மட்டும்தான் இருக்கும், அப்போது என்ன செய்வது? இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு அப்படி ஒரு தாள் வந்தது, மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டேன்.

செவிசாய்ப்பவன்:

எண்ணை வைத்து நீங்களே ஆளைத் தேடாதீர்கள். தேர்வுப் பிரிவுக்கு ஒரு மூடிய உறையில், இந்த எண்ணுக்குரியவருக்கு ஆலோசகர் விவரம் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள், விடையில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்படி எழுதியிருந்தாலோ, எழுதியவர் 18 வயதுக்குக் கீழ் என்றாலோ அன்றே நேரடியாகக் கல்லூரித் தலைமையிடம் போங்கள். அப்புறம், வினாத்தாளை அமைக்கும்போதே இந்தப் பிரிவுக்கு ஒரு மாற்றுக் கேள்வி இருக்கட்டும், அதே சட்டப் புள்ளி, வேறு சம்பவம். பழைய தாளைப் பொறுத்தவரை, அவர் இன்னும் அங்கே படிக்கிறார் என்றால் அந்த உறையை இப்போதும் கொடுக்கலாம்.